திறந்த மூல பேக்கேஜ்களை எப்படி எடைபோடுவது? கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹற்றன் என்று பல ஊர்களில் இருந்து கொழும்புக்கு மென்பொருள் வேலைக்கு வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். வெள்ளவத்தையில் தங்கிக்கொண்டு தெமட்டகொடைக்கோ மருதானைக்கோ வேலைக்குப் போகிற, அனுபவம் ஓரிரு வருடம் உள்ளவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். என் பதில்களுக்கெல்லாம் அடியில் இருக்கும் கருத்து ஒன்றுதான்: பேக்கேஜை, அதாவது வேறொருவர் எழுதி மற்றவர்கள் பாவிக்கத் திறந்துவைத்த ஆயத்தக் கோட்டை, எடுக்கும்போது அதைப் பராமரிக்கும் ஆட்களையும் சேர்த்தே எடுக்கிறோம். அவர்கள் யார், எப்படி வேலை செய்கிறார்கள் என்று கொஞ்சமாவது தெரியாமல் எடுக்கக் கூடாது.

புதிதாக ஒரு பேக்கேஜைச் சேர்க்கும் முன் எதை முதலில் பார்ப்பது?

அது உண்மையில் தேவையா என்பதை. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பேக்கேஜை எழுதியவர், ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான என்பிஎம் நிர்வாகத்தோடு ஏற்பட்ட பிணக்கில் தன் பேக்கேஜ்களை விலக்கிக்கொண்டார். 11 வரிக் கோட். ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் வெற்றிடமோ சுழியமோ நிரப்புவதுதான் அதன் வேலை. அது இல்லாமல் போனதும் பேபல் உட்பட எத்தனையோ பெரிய திட்டங்களின் பில்ட் (கோட்டை ஓடக்கூடிய மென்பொருளாக்கும் வேலை) உடைந்தது. அந்த 11 வரியை யாரும் ஒரு மதியத்துக்குள் எழுதியிருக்கலாம்.

மறைகுறியாக்கம், நேர வலயம், பிடிஎஃப் போன்றவற்றை மட்டும் நீங்களே எழுதப் போகாதீர்கள். அவற்றில் அனுபவப்பட்டவர்களின் கோட் உங்களுடையதைவிட எப்போதும் பாதுகாப்பானது. சின்ன வேலை என்றால் சொந்தமாக எழுதுங்கள், கடினமான வேலை என்றால் நல்ல பேக்கேஜைத் தேடுங்கள்.

அப்புறம், அந்த ஒரு பேக்கேஜோடு இன்னும் எத்தனை சேர்ந்து வருகின்றன என்று பாருங்கள். கூகுள் நடத்தும் டெப்ஸ்.டெவ் தளத்தில் பெயரைப் போட்டால் டிபென்டென்சி மரம், அதாவது அது சார்ந்திருக்கும் மற்றப் பேக்கேஜ்களின் வரிசை, முழுவதும் தெரியும். ஒன்றைக் கேட்கப் போய் எண்பது வந்தால், அந்த எண்பதுக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

கிட்ஹப் தளத்து நட்சத்திரங்களையும் டவுன்லோட் எண்ணிக்கையையும் நம்பலாமா?

பலர் பாவிக்கிறார்கள் என்பது மட்டும்தான் அவற்றால் தெரியும். அதிலும் பெரும்பகுதி, சிஐ இயந்திரங்கள் (கோட் மாறும்போதெல்லாம் தானாகப் பில்ட்டும் சோதனையும் ஓட்டுபவை) ஒவ்வொரு பில்ட்டிலும் இறக்குகிற எண்ணிக்கை. நட்சத்திரங்களைக் காசு கொடுத்தும் வாங்கலாம்.

2025 செப்டெம்பரில் சோக், டிபக் உட்பட 18 என்பிஎம் பேக்கேஜ்களில் தீய கோட் ஏற்றப்பட்டது. இவற்றின் வாராந்த டவுன்லோட் மொத்தம் 200 கோடிக்கும் மேல். பராமரிப்பாளருக்கு என்பிஎம் உதவிக் குழுவிடமிருந்து வந்தது போன்ற ஒரு போலி மின்னஞ்சல் போனது. இரட்டைச் சரிபார்ப்பைப் புதுப்பிக்கச் சொன்ன அந்த மின்னஞ்சலை அவர் நம்பிவிட்டார், கணக்கு கைமாறியது. ஏற்றப்பட்ட கோட், உலாவியில் நடக்கும் கிரிப்டோ பணப் பரிமாற்றங்களை இடைமறித்துப் பெறுநரின் முகவரியை மாற்றியது. பிரபலமாக இருந்ததால்தான் அவை இலக்காயின. அதே பிரபலத்தால்தான் சில மணி நேரத்துக்குள் பிடிபட்டன என்பதையும் சொல்ல வேண்டும்.

பராமரிப்பவர் யார் என்பதை எப்படி அறிவது? அவரை எனக்குத் தெரியாதே.

நேரில் தெரிய வேண்டியதில்லை. அவருடைய வேலைப் பழக்கம் எல்லாம் ரிபோவில் (கோட்டும் அதன் வரலாறும் இருக்கும் இடத்தில்) பதிந்துகிடக்கிறது. சந்தையில் மீனின் செவுளைத் திறந்து பார்ப்பதுபோல குறைகளும் கேள்விகளும் பதிவாகும் இஷ்யூ பக்கத்தைத் திறந்து பாருங்கள். கடைசியாக வந்த இருபது இஷ்யூக்களுக்கு யாராவது பதில் சொல்லியிருக்கிறார்களா? சொன்னவர் ஒரே ஆளா, பலரா? பாதுகாப்புக் குறை என்று ஒருவர் எழுதினால் எப்படி எதிர்கொண்டார்கள்? புல் ரிக்வெஸ்ட்டை (கோட் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் விண்ணப்பத்தை) இன்னொருவர் பார்த்த பிறகு சேர்க்கிறார்களா, எழுதியவரே சேர்த்துக்கொள்கிறாரா? வெளியீட்டுக் குறிப்புகள் மனிதர் படிக்கும்படி இருக்கின்றனவா? இவ்வளவையும் பார்க்க அரை மணி நேரம் போதும்.

எனக்கு அதிகம் கவலை தருவது உரிமை கைமாறும் தருணம். ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜை எழுதியவர் அதைத் தானே பாவிப்பதை விட்டிருந்தார். 2018இல் முன்பின் தெரியாத ஒருவர் நான் பராமரிக்கிறேன் என்று கேட்க, கொடுத்துவிட்டார். வந்தவர் ஃப்ளாட்மேப்-ஸ்ட்ரீம் என்ற புதிய டிபென்டென்சியைச் சேர்த்து, அதற்குள் கோபே என்ற பிட்கொயின் வாலட்டைக் குறிவைத்த கோட்டை ஒளித்துவைத்தார். நவம்பரில்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது.

எக்ஸ்இசட் யூட்டில்ஸ் கதை இதைவிட நீளமானது. லினக்ஸ் கணினிகளில் எங்கும் இருக்கும் ஒரு சுருக்கும் மென்பொருள் அது. பல ஆண்டுகளாக ஏறக்குறைய ஒரே ஆள் சம்பளமின்றிப் பராமரித்துவந்தார், களைத்தும் போயிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்ல பேட்ச்களை (திருத்தங்களை) கொடுத்தார். இடையில் வேறு பெயர்களில் சிலர், வேலை மந்தமாக நடக்கிறது, இன்னொரு பராமரிப்பாளரைச் சேருங்கள் என்று நெருக்கினார்கள். நம்பிக்கை வளர்ந்து, வெளியீடு செய்யும் உரிமை அவர் கைக்குப் போனது. 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில், தூரத்துக் கணினிக்குள் லொகின் செய்ய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைய ஒரு பின்வாசல் வைக்கப்பட்டது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தள டெவலப்பரான அன்ட்ரெஸ் ஃப்ராயின்ட், எஸ்எஸ்எச் லொகின் வழக்கத்தைவிட அரை செக்கன் தாமதமாவதைக் கவனித்து, விடாமல் தோண்டி, 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார்.

இதைப் படித்துவிட்டுப் புதிய பங்களிப்பாளர்கள் எல்லோரையும் சந்தேகிக்கத் தேவையில்லை. களைத்துப்போன ஒற்றை ஆளின் தோளில் உங்கள் கம்பனியின் சேவை நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கிறதென்றால் அந்த ஆளுக்கு உதவி போக வேண்டும். பணமாகவோ, நேரமாகவோ, ஒழுங்கான பேட்சாகவோ போகட்டும்.

கோட் திறந்துதானே இருக்கிறது? யாராவது பார்த்திருப்பார்கள் அல்லவா?

பார்க்க முடியும். பார்த்தார்களா என்பது வேறு கேள்வி. ஹார்ட்பிளீட் குறை, இணையத் தொடர்புகளை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 வெர்ஷனோடு 2012 மார்ச்சில் வெளிவந்தது, 2014 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. இரண்டு வருடமாக உலகின் வங்கிகளும் மின்னஞ்சல் சேவைகளும் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தன.

இன்னொன்றும் உண்டு. ரிபோவில் நீங்கள் படிக்கும் கோட்டும் பேக்கேஜாக உங்கள் கணினிக்கு வருவதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எக்ஸ்இசட் பின்வாசலைத் தூண்டிவிட்ட ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) ரிபோவில் இல்லை. வெளியீட்டுக்கென்று தயாரித்த சுருக்கக் கோப்பில் மட்டுமே இருந்தது. மிச்சப் பகுதி பரிசோதனைக்கான பைனரிக் கோப்புகள் என்ற பெயரில் ரிபோவுக்குள்ளேயே இருந்தது. ஆகவே முக்கியமான பேக்கேஜ் என்றால் இறக்கிய கோப்பையே விரித்துப் பாருங்கள். எந்தக் கமிட்டில் (ரிபோவில் பதிந்த எந்த மாற்றத்தில்) இருந்து, எந்த இயந்திரத்தில் பில்ட் ஆனது என்ற சான்று இப்போது என்பிஎம்-இலும் பைத்தன் களஞ்சியமான பைபிஐ-இலும் பல பேக்கேஜ்களோடு வருகிறது. அது இருந்தால் நல்ல அறிகுறி.

ஓப்பன்எஸ்எஸ்எஃப் ஸ்கோர்கார்டில் எத்தனை புள்ளி இருந்தால் போதும்?

ஒரு எண்ணைச் சொல்ல மாட்டேன். திறந்த மூலப் பாதுகாப்புக்கான ஓப்பன்எஸ்எஸ்எஃப் அமைப்பின் கருவியான ஸ்கோர்கார்ட், ரிபோவை இயந்திரத்தால் சோதித்து, ஒவ்வொரு சோதனைக்கும் 0 முதல் 10 வரை கொடுக்கிறது. மொத்தப் புள்ளியை விட்டுவிட்டு உள்ளே இறங்கிப் பாருங்கள். கோட் ரிவியூ நடக்கிறதா, முதன்மைக் கிளைக்குப் பாதுகாப்பு உண்டா, சிஐ டோக்கன்களுக்கு (அனுமதிச் சாவிகளுக்கு) எவ்வளவு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள், ஆபத்தான வேர்க்ஃப்ளோ (தானாக ஓடும் வேலைத்தொடர்) இருக்கிறதா என்ற நான்கையும் நான் கவனமாகப் படிப்பேன். வேர்க்ஃப்ளோ விஷயம் சாதாரணமானதல்ல. 2025 மார்ச்சில் கிட்ஹப் அக்‌ஷன்ஸில் பலர் பாவித்த ஒரு சின்ன உதவிக் கருவி மாற்றப்பட்டு, பல திட்டங்களின் ரகசியச் சாவிகள் பில்ட் பதிவுகளில் அம்பலமாயின.

பராமரிக்கப்படுகிறதா என்ற சோதனையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். அது கடைசி 90 நாள் நடமாட்டத்தைப் பார்க்கிறது. எழுதி முடிந்து, திருத்தவேண்டியது எதுவும் இல்லாத நல்ல சின்னப் பேக்கேஜ் அதில் தோற்றுப்போகும். தினமும் கமிட் போடும் அவசரக்காரரின் பேக்கேஜ் ஜெயிக்கும்.

ஆடிட் (பேக்கேஜ்களில் ஏற்கெனவே தெரிந்த குறைகளைத் தேடும் சோதனை) ஓட்டினால் நூற்றுக்கணக்கில் எச்சரிக்கை வருகிறது. எல்லாவற்றையும் திருத்த வேண்டுமா?

வேண்டாம், முடியவும் முடியாது. வரிசைப்படுத்தத்தான் தெரிந்திருக்க வேண்டும். சிவிஎஸ்எஸ் என்ற பத்துக்கான புள்ளி, ஒரு குறை மோசமாகப் பயன்பட்டால் எவ்வளவு கெடுதல் என்று சொல்கிறது. உங்கள் நிரல் அந்த வரியைத் தொடுகிறதா என்று அதற்குத் தெரியாது.

முதலில், தாக்குபவர்கள் உண்மையிலேயே பாவித்துக்கொண்டிருக்கும் குறைகளின் பட்டியலைப் பாருங்கள். அமெரிக்காவின் சிஸா நிறுவனம் 2021 நவம்பரில் இருந்து இதை நடத்துகிறது. அதில் உங்களுடையது இருந்தால் கையில் உள்ள வேலையை நிறுத்திவிட்டு அதைத் திருத்துங்கள். அடுத்தது இபிஎஸ்எஸ்: அடுத்த 30 நாளில் அந்தக் குறை தாக்கப்படும் சாத்தியம் எவ்வளவு என்ற மதிப்பீடு அது. அதன்பிறகு, அந்தக் கோட் உங்கள் நிரலில் எட்டப்படுகிறதா என்பது. கோ மொழியில் வேலை செய்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கோவல்ன்செக் கருவி, குறையுள்ள ஃபங்ஷனை நீங்கள் அழைக்கிறீர்களா என்று பார்த்தே சொல்லும். மற்றவர்கள் ஓஎஸ்வி-ஸ்கேனர், ட்ரிவி, பிப்-ஆடிட் ஆகியவற்றை ஓட்டிவிட்டு இந்தக் கடைசிப் படியைக் கையால் செய்ய வேண்டும்.

பில்ட் நேரத்தில் மட்டும் ஓடும் ஒரு கருவியில் ரெஜெக்ஸ் (எழுத்துக் கோலத் தேடல்) மந்தமாவது பற்றிய எச்சரிக்கையும், இணையத்துக்குத் திறந்த லொகின் பக்கத்தில் உள்ள குறையும் ஆடிட் அறிக்கையில் ஒரே சிவப்பு நிறத்தில் வரும். பிரித்துப் பார்க்கவேண்டியது நீங்கள்.

சிவிஇ (எண் கொடுத்துப் பகிரங்கமாகப் பதிவான பாதுகாப்புக் குறை) நிறைய உள்ள பேக்கேஜ் மோசமானது என்று அர்த்தமா?

இல்லை. சிவிஇ ஒன்றுமே இல்லாத பேக்கேஜை யாருமே சோதித்திருக்காமலும் இருக்கலாம். குறை வந்தபோது என்ன செய்தார்கள் என்பதே அளவுகோல்: எத்தனை நாளில் திருத்தினார்கள், எந்தெந்த வெர்ஷன் பாதிக்கப்பட்டது என்று தெளிவாகச் சொன்னார்களா, பழைய வெர்ஷன்காரர்களைக் கைவிட்டார்களா.

நம் ஊரில் இருந்தே ஓர் உதாரணம் சொல்லலாம். கொழும்பில் 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2, உலகெங்கும் வங்கிகளும் அரசுகளும் பாவிக்கும் திறந்த மூலத் தயாரிப்புகளைச் செய்கிறது. 2022 ஏப்ரலில் அதன் பல தயாரிப்புகளில் இருந்த ஒரு குறை, சிவிஇ-2022-29464, பகிரங்கமானது. கடவுச்சொல் இல்லாமலே கோப்பை ஏற்றிச் சேவையகத்தைக் கைப்பற்றக்கூடிய குறை, புள்ளி 9.8. விவரம் பகிரங்கமாகும் முன்பே திருத்தம் வந்திருந்தது. ஆனாலும் பேட்ச் போடாத சேவையகங்களைத் தாக்குதல்காரர்கள் தேடிப்போனார்கள், சிஸா பட்டியலிலும் அது ஏறியது. குறையை வைத்து மட்டும் ஒரு திட்டத்தை எடைபோட்டால், திருத்தம் கையில் இருந்தும் போடாமல் விட்டவரின் பங்கு கண்ணில் படாமல் போய்விடும்.

புதிய வெர்ஷன் வந்ததும் அப்டேட் செய்வதா, கொஞ்சம் பொறுப்பதா?

இரண்டும். வழமையான வெர்ஷன்களுக்குச் சில நாள் பொறுங்கள். சோக், டிபக் விவகாரத்திலும், 2021 ஒக்டோபரில் யுஏ-பார்சர்-ஜேஎஸ் கைப்பற்றப்பட்டபோதும், தீய வெர்ஷன்கள் சில மணி நேரமே உயிரோடு இருந்தன. ஒரு வாரம் பொறுத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளிவந்து இத்தனை நாள் ஆகாத வெர்ஷனை எடுக்காதே என்று அப்டேட்களைத் தானாக முன்வைக்கும் ரெனவேட்டிலும், பேக்கேஜ்களை இறக்கும் பிஎன்பிஎம்-இலும் அமைத்துவைக்கலாம்.

பாதுகாப்புத் திருத்தம் என்றால் பொறுக்கக் கூடாது. 2021 டிசம்பரில் ஜாவா நிரல்களின் நடப்பைப் பதிவுசெய்யும் லொக்4ஜே பேக்கேஜின் குறை வெடித்தபோது, லொக் கோப்பில் ஒரு வரி எழுதவைத்தாலே சேவையகத்தைப் பிடிக்கலாம் என்ற நிலை. புள்ளி 10க்கு 10. முதல் திருத்தமான 2.15.0 போதாமல் 2.16.0, 2.17.0, 2.17.1 என்று அந்த மாதத்துக்குள்ளேயே வந்துகொண்டிருந்தன. அப்போது சிக்கலில் தவித்தவர்கள் பெரும்பாலும், தங்கள் மென்பொருளில் லொக்4ஜே எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர்கள். அதைத் தேடிப்பிடிக்கவே நாட்கள் போயின.

லொக்ஃபைலை (எந்தப் பேக்கேஜின் எந்த வெர்ஷன் என்று பூட்டிவைக்கும் கோப்பை) ரிபோவில் சேர்க்க வேண்டுமா?

கட்டாயம் சேர்க்க வேண்டும். சிஐயில் என்பிஎம் இன்ஸ்டாலுக்குப் பதில் என்பிஎம் சிஐ என்ற கட்டளையை ஓட்டுங்கள். லொக்ஃபைலில் உள்ளது மட்டுமே இறங்கும். இன்ஸ்டால் ஆகும்போது தானாக ஓடும் ஸ்கிரிப்ட்களையும் நிறுத்திவைத்து, தேவையானவற்றுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். 2025 செப்டெம்பரில் என்பிஎம்-இல் பரவிய ஷாய்-ஹுலுட் புழு இந்த ஸ்கிரிப்ட் வழியாகத்தான் டெவலப்பர்களின் டோக்கன்களைத் திருடி, அவர்களுடைய மற்றப் பேக்கேஜ்களுக்கும் தன்னை ஏற்றிக்கொண்டது. பிஎன்பிஎம் 10ஆவது வெர்ஷனில் இருந்து இந்த ஸ்கிரிப்ட்களைத் தானாகவே தடுக்கிறது.

ஏஐ கருவி சொன்ன பேக்கேஜ் பெயரை அப்படியே இன்ஸ்டால் செய்யலாமா?

வேண்டாம். அந்தக் கருவிகள் இல்லாத பேக்கேஜ் பெயரையும் இருப்பதுபோலச் சொல்லும். அப்படி அடிக்கடி வரும் பெயர்களைத் தாக்குபவர் முன்கூட்டியே பதிவுசெய்து வைத்திருந்தால், நீங்கள் இறக்குவது அவருடைய கோட். பழைய தந்திரத்தின் புது வடிவம் இது. 2017இலேயே கிராஸ்-என்வ் பேக்கேஜின் பெயரில் நடுவில் உள்ள இணைப்புக்குறியை எடுத்துவிட்டு ஒரு போலி வைத்து, சூழல் மாறிகளில் இருந்த ரகசியங்களைத் திருடினார்கள்.

கம்பனிக்குள் மட்டும் பாவிக்கும் பேக்கேஜ்களுக்கும் இதே ஆபத்து உண்டு. 2021 பெப்ரவரியில் அலெக்ஸ் பிர்சான் என்ற ஆய்வாளர், பெரிய கம்பனிகளின் உட்பேக்கேஜ் பெயர்களிலேயே பொதுத் தளங்களில் பேக்கேஜ் ஏற்றி, ஆப்பிள், மைக்ரோசொஃப்ட், பேபால் ஆகியவற்றின் உட்கணினிகளில் தன் கோட்டை ஓடவைத்துக் காட்டினார். உங்கள் உட்பேக்கேஜ்களுக்குக் கம்பனிப் பெயரை முன்னொட்டாக வைத்து, அந்த முன்னொட்டைப் பொதுத் தளத்திலும் பதிவுசெய்து வையுங்கள்.

பாதுகாப்பு சரி. தரத்தை எப்படிச் சோதிப்பது?

டெஸ்ட் கவரேஜ் வீதத்தை (கோட்டில் எவ்வளவு பகுதியை டெஸ்ட்கள் தொடுகின்றன என்பதை) பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்த டெஸ்ட்களை எழுதியவர் கொழும்பில் இருக்கவில்லை. நம் தரவை அவர் பார்த்திருக்க மாட்டார். ஆகவே நம் ஊர்த் தரவைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும்.

நேரத்தில் தொடங்குவோம். இலங்கை எப்போதும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் 1996 மே மாதத்தில் கடிகாரம் 6.30க்கு நகர்ந்தது, அதே ஒக்டோபரில் 6.00க்கு வந்தது, 2006 ஏப்ரல் 15 அன்றுதான் மறுபடி 5.30 ஆனது. 1999இல் பிறந்த ஒருவரின் பிறந்தநாளைக் கொழும்பு நள்ளிரவாக யூடிசியில் சேமித்தால் முந்தைய நாள் 18.00 மணி. எல்லா வருடத்துக்கும் 5.30ஐக் கூட்டுகிற பேக்கேஜ் அதை முந்தைய நாள் இரவு 23.30 என்று திருப்பித்தரும். பிறந்தநாள் ஒரு நாள் பின்னால் போய்விடும், அடையாள அட்டையோடு பொருந்தாது. அந்தப் பத்து வருடத்தில் பிறந்தவர்கள்தான் இன்று புதிதாக வங்கிக் கணக்கு திறப்பவர்கள், வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள். திகதி பேக்கேஜ் எதை எடுத்தாலும் 1999 திகதி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்.

அடுத்தது தமிழ் எழுத்து. ‘தமிழ்’ என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து, கணினியின் எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் ஐந்து குறியீடு. நீளம் பார்த்து வெட்டுகிற பேக்கேஜ் புள்ளியைத் தொலைத்துவிட்டு ‘தமிழ’ என்று நிறுத்தும். ‘கொ’ என்பதை ஒற்றைக் கொம்புக்கால் குறியோடும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ஒழுங்காக நோர்மலைஸ் செய்யாத (இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்காத) தேடல் பேக்கேஜில் ஒரு கோகிலா கிடைப்பார், இன்னொரு கோகிலா கிடைக்க மாட்டார். ‘ஸ்ரீ’க்கும் இரண்டு வடிவம் உண்டு, அவை நோர்மலைஸ் செய்தாலும் ஒன்றாகாது. ஸ்ரீதரன், ஸ்ரீகாந்தன் என்று பெயர் வைத்த நமக்கு இது சின்ன விஷயமில்லை.

படிவத்தைச் சரிபார்க்கும் சில பேக்கேஜ்கள் எழுத்து வகையை மட்டும் ஏற்று, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் கழித்துவிடும். ஒழுங்கான தமிழ்ப் பெயருக்குப் பிழையான பெயர் என்று சிவப்பில் காட்டும். யூனிகோட் வரிசைப்படி அடுக்கும் பேக்கேஜ் ‘ன’வை ‘ப’வுக்கு முன் வைக்கும். பிடிஎஃப் செய்யும் சில பேக்கேஜ்கள் கொம்பை எழுத்துக்குப் பின்னால் அச்சடிக்கும். மும்மொழிப் பற்றுச்சீட்டுகளில் தமிழ் மட்டும் சிதைந்து கிடப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். குறுஞ்செய்தி பேக்கேஜ் 160 எழுத்துக்கு ஒரு செய்தி என்று கணக்குப் போட்டால் தமிழுக்கு அது பொருந்தாது: 70 குறியீடுதான், நீளச் செய்தியில் ஒவ்வொரு துண்டுக்கும் 67. கட்டணக் கணக்கு பிழைக்கும்.

தரம் என்று நான் சொல்வது இதைத்தான். நம் அம்மாவின் பெயரை ஒழுங்காக எழுத முடியாத பேக்கேஜ், கவரேஜ் நூறு வீதம் என்றாலும் நம் வேலைக்குத் தகுதியற்றது.

தமிழுக்கென்று உள்ள சின்னப் பேக்கேஜ்கள் எந்த அளவுகோலிலும் தேறாதே. பாவிக்கலாமா?

பாவியுங்கள், அளவுகோலை மாற்றிக்கொண்டு. பைத்தனில் ஓப்பன்-தமிழ் போன்ற ஒன்றை எடுத்தால், உலகப் பேக்கேஜ்களின் டவுன்லோடையும் ஆட்பலத்தையும் அதில் எதிர்பார்க்க முடியாது. எழுத்துகளைப் பிரிப்பது, அகரவரிசைப்படுத்துவது போன்ற வேலைகளை அதைச் செய்தவர்கள் மொழிமேல் உள்ள பற்றில் செய்கிறார்கள். உங்களுக்குத் தேவையான ஃபங்ஷன்களின் கோட்டை முழுவதும் படியுங்கள்; சின்னப் பேக்கேஜ் என்பதால் அது சாத்தியம். வெர்ஷனைப் பூட்டிவையுங்கள், நேரடியாக எல்லா இடத்திலும் அழைக்காமல் உங்கள் சொந்த உறை ஒன்றுக்குள் வையுங்கள், உங்கள் டெஸ்ட்களை அவர்களுக்கும் அனுப்புங்கள். பெரிய பேக்கேஜுக்கு உங்கள் டெஸ்ட் ஆயிரத்தில் ஒன்று. இங்கே அது உண்மையான பலம்.

லைசென்ஸ் விஷயத்தில் கவனிக்க வேண்டியது என்ன?

லைசென்ஸ் கோப்பே இல்லாத ரிபோவைத் தொடாதீர்கள். பாவிக்கும் உரிமை உங்களுக்குத் தரப்படவில்லை. உங்கள் கோட்டையும் திறந்துவைக்கக் கேட்கக்கூடிய ஜிபிஎல், ஏஜிபிஎல் லைசென்ஸ் என்றால் கம்பனிச் சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டு எடுங்கள். லைசென்ஸ் நடுவழியில் மாறவும் கூடும்: ரெடிஸ் தரவுத்தளம் 2024 மார்ச்சில் மாறியது, அதிலிருந்து வால்கி பிரிந்தது, 2025இல் ரெடிஸ் ஏஜிபிஎல்லையும் சேர்த்துக்கொண்டது. ஒரே கம்பனியின் கையில் உள்ள திட்டங்களில் இந்த ஆபத்து கூட.

வெளிநாட்டு வாடிக்கையாளர் எஸ்பொம் கேட்கிறார். அது என்ன, எங்களால் கொடுக்க முடியுமா?

உங்கள் மென்பொருளுக்குள் இருக்கும் எல்லாப் பேக்கேஜ்களினதும் வெர்ஷன்களினதும் பட்டியல் அது. எஸ்பிடிஎக்ஸ், சைக்ளோன்டிஎக்ஸ் என்று இரண்டு வடிவங்கள் பரவலாக உள்ளன. ட்ரிவி போன்ற கருவி சில நிமிடத்தில் செய்துதரும். அமெரிக்க அரசு 2021 மே மாத ஆணையோடு இதைக் கேட்கத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது, அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். கொழும்பில் இருந்து ஐரோப்பாவுக்கு மென்பொருள் செய்துகொடுக்கும் கம்பனிகளிடம் இந்தக் கேள்வி இனிக் கூடிக்கொண்டே வரும். வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திராமல் ஒவ்வொரு வெளியீட்டிலும் செய்து வையுங்கள். அடுத்த லொக்4ஜே வரும் நாளில் எங்கே இருக்கிறது என்று தேடாமல் பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்லலாம்.

இலங்கைக்குள்ளும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மக்களின் தரவை வைத்திருப்பவர் அதைப் பாதுகாக்கத் தகுந்த ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. குறை பேக்கேஜில் இருந்தது என்று சொல்லித் தப்பலாம் என்று எண்ண வேண்டாம்.

மேனேஜர் இதற்கெல்லாம் நேரம் தர மாட்டார். என்ன செய்வது?

முழுவதையும் ஒரே நாளில் கேட்காதீர்கள். லொக்ஃபைல், சிஐயில் ஓர் ஆடிட், புதிய பேக்கேஜ் சேர்க்கும் புல் ரிக்வெஸ்ட்டில் ஏன் இது என்று நாலு வரி. இவற்றுக்கு யாருடைய அனுமதியும் பெரிதாகத் தேவைப்படாது. அந்த நாலு வரி சேர்ந்து சேர்ந்து, ஒரு வருடத்தில் உங்கள் குழுவின் நினைவகமாகிவிடும். பிறகு ஒரு பெரிய குறை வெளிவரும் அன்று, நாம் பாதிக்கப்பட்டிருக்கிறோமா என்று மேனேஜர் கேட்பார். ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நேரம் கிடைக்கும்.

நாங்கள் பாவிக்கும் பேக்கேஜைப் பராமரிக்க ஆளில்லை. கைவிடுவதா?

மாற்று இருந்தால் மாறுங்கள். இல்லையென்றால் ஃபோர்க் செய்து (தனிப் பிரதி எடுத்து), தேவையற்ற பகுதிகளை வெட்டி, உங்கள் கோட்டாகவே பராமரியுங்கள். மூன்றாவது வழி, அந்தத் திட்டத்துக்கே கை கொடுப்பது. இந்த ஊருக்கு அது புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு காணாமல்போனவர்களையும் முகாம்களையும் பதிவுசெய்ய இங்கேயே எழுதப்பட்ட சஹானா, பிறகு பல நாடுகளின் பேரிடர்களில் பயன்பட்டது. லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனும் மொரட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்களும் உலகத் திறந்த மூலத்துக்குக் கொடுத்தது கொஞ்சமில்லை. அந்த வரிசையில் தமிழ்ப் பெயர்கள் இன்னும் கூட வேண்டும் என்பது என் ஆசை.

பேக்கேஜில் நானே ஒரு பாதுகாப்புக் குறையைக் கண்டுபிடித்தால்?

பொது இஷ்யூவாக எழுதாதீர்கள், நண்பர்கள் குழுவிலும் போடாதீர்கள். பெரும்பாலான ரிபோக்களில் குறைகளை எப்படி அறிவிப்பது என்று சொல்லும் செக்யூரிட்டி கோப்பு இருக்கும். இல்லாவிட்டால் கிட்ஹப்பின் தனிப்பட்ட அறிவிப்பு வசதி அங்கே திறந்திருக்கிறதா என்று பாருங்கள், அதுவும் இல்லையென்றால் பராமரிப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்த வெர்ஷன், எந்தப் படிகளில் குறை தெரிகிறது, என்ன கெடுதல் நடக்கலாம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்க வேண்டாம். படிகள் ஒழுங்காக இருந்தால் அவர்களே செய்துபார்த்துப் புரிந்துகொள்வார்கள். திருத்த அவகாசம் கொடுங்கள், 90 நாள் என்பது பரவலான வழக்கம். இலங்கை நிறுவனங்களின் சேவைகளைத் தொடும் குறை என்றாலோ, பராமரிப்பாளரிடம் இருந்து பதிலே வராவிட்டாலோ, கொழும்பில் உள்ள ஶ்ரீலங்கா சேர்ட் என்ற கணினி அவசர உதவி அமைப்புக்கு அறிவியுங்கள். மற்றவர்களின் சேவையகங்களில் அனுமதியில்லாமல் அந்தக் குறையைச் சோதித்துப் பார்க்காதீர்கள். 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டத்தின்படி அனுமதியில்லாத நுழைவு குற்றம். உங்கள் சொந்தக் கணினியில் ஒரு கன்டெய்னரை (தனித்து ஓடும் சூழலை) எழுப்பி, அதற்குள் மட்டும் செய்து பாருங்கள்.